திரையில் மில்லிமீட்டர்

தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய உடல். அடியில் ரப்பர் விளிம்பு கட்டிய குட்டிச் சக்கரம், மேலே எண் ஒளிரும் திரை. மேசை விளிம்பில் வைத்து உருட்டினால் எண் ஓடுகிறது, கையை நிறுத்தினால் நிற்கிறது. இஞ்சு வேண்டுமா, சென்டிமீட்டர் வேண்டுமா என்பதை ஒரு பொத்தான் பார்த்துக்கொள்கிறது. ஹோசோ டிசைன் நிறுவனத்தின் ரோலோவாவில் தொடங்கி இணையக் கடைகளில் பெயரே இல்லாமல் விற்பவை வரை இந்த இனத்தில் இன்று பலவுண்டு. கட்டட வரைபடத்தின் மேல் உருட்டினால் அறையின் உண்மை நீளத்தைச் சொல்லும் ஸ்கேல் மாஸ்டர் இவற்றுக்கு மூத்த உறவு. ரீக்கான் நிறுவனத்தின் எம்1 காலிபர் இதே யோசனையைத் திருப்பிப் போட்டிருக்கிறது. அதை மரம் அறுக்கும் மெஷினோடு பொருத்திவிட்டால் கருவி அங்கேயே நிற்கும், கட்டைதான் சக்கரத்துக்கு அடியில் நகரும்.

விளம்பரங்கள் இவற்றைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் சரிதான். சொல்லாமல் விடுவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. சக்கரத்துக்கு நீளம் என்ற ஒன்று தெரியாது. தான் எத்தனை சுற்று சுற்றினேன் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அந்த எண்ணிக்கையைத் தன் சுற்றளவால் பெருக்கி, இதுதான் நீளம் என்று அறிவிக்கிறது. சக்கரம் வழுக்காமல், கோட்டைவிட்டு விலகாமல், சுற்றளவு மாறாமல் இருக்கும்வரை அந்தப் பெருக்கல் செல்லும். மூன்றில் ஒன்று தவறினாலும் விடை தவறும். ஆனால் தவறான விடையும் அதே திரையில், அதே பளபளப்போடு, அதே புள்ளிக்குப் பிந்தைய இலக்கங்களோடுதான் வருகிறது.

யோசனை பழையது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலின் பத்தாம் பகுதியில் வண்டிச் சக்கரத்தைக் கொண்டே வழியை அளக்கும் பொறியை விவரித்திருக்கிறார். சக்கரத்தின் சுற்றளவு பன்னிரண்டரை அடி. 400 சுற்று சுற்றினால் 5,000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். ஒவ்வொரு மைல் முடிந்ததும் பல்சக்கரங்கள் ஒரு கூழாங்கல்லைப் பெட்டிக்குள் தள்ளும். நாள் முடிவில் கற்களை எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 1675இல் ஜான் ஓகில்பி வெளியிட்ட ‘பிரிட்டானியா’ சாலைப் படங்களுக்கும் தூரம் தந்தது மனிதர்கள் கையால் தள்ளிக்கொண்டு போன அளவுச் சக்கரம்தான். ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கி, நூறு தாள்களில் நாட்டின் சாலைகளையே நாடா நாடாவாக வரைந்துவிட்டார் மனிதர். கிழக்கிந்தியக் கம்பெனியின் நில அளவையாளர்களும் பெரம்புலேட்டர் என்ற இதே சக்கரத்தை இந்தியாவின் வழித்தடங்களில் உருட்டினார்கள்.

ஆனால் 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க முனைந்தபோது சக்கரத்தைத் தொடவில்லை. ராம்ஸ்டன் செய்த 100 அடி எஃகுச் சங்கிலியை மரத்தொட்டிகளில் கிடத்தி, நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும் என்றும் கணக்குப் பார்த்து, துண்டு துண்டாக முன்னேறினார். துணைக்கண்டம் முழுவதும் விரியப்போகும் முக்கோண அளவைக்கு அதுதான் அடித்தளம். அந்த அளவையாளர்களுக்கு இரண்டு கருவியும் பழக்கமானவை. எதை எங்கே எடுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருந்ததில்லை. இன்றைய பாக்கெட் கருவியின் முக்கியக் குறையே அந்தத் தெளிவை மங்கவைப்பதுதான் என்பது என் கருத்து.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். சக்கரத்தின் அச்சில் துளைகளிட்ட ஒரு தட்டு சுழல்கிறது, அல்லது ஒரு காந்தம் சுழல்கிறது. ஒளியோ காந்தப்புலமோ விட்டுவிட்டுப் படும்போது உணரியில் மின்துடிப்பு எழுகிறது. விட்ருவியஸின் கூழாங்கல் இப்போது மின்துடிப்பாகிவிட்டது, அவ்வளவே. உணரிகள் இரண்டு இருக்கும், ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி. எது முந்துகிறது என்பதை வைத்து, சக்கரம் முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று கருவி தெரிந்துகொள்கிறது. பின்னுக்கு இழுத்தால் எண் குறைவது இதனால்தான். பழைய பெரம்புலேட்டரில் இல்லாத உண்மையான முன்னேற்றம் துடிப்புகளின் நெருக்கம். சக்கரத்தின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 63. ஒரு சுற்றுக்கு 600 துடிப்பு எழுந்தால், ஒவ்வொரு துடிப்பும் பத்தில் ஒரு மில்லிமீட்டரைக் குறிக்கும். ஆகவே திரையில் அந்த இலக்கத்தைக் காட்டுவதில் பொய்யில்லை. அத்தனை நுணுக்கமாக எண்ண அதனால் முடியும். அத்தனை நுணுக்கமாகச் சரியாக இருக்குமா என்பது தனிக் கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு சிறு கணக்கே போதும். அதே 20 மில்லிமீட்டர் சக்கரம் தேய்ந்தோ, அழுத்தத்தில் ரப்பர் நசுங்கியோ, தூசி ஒட்டியோ விட்டத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாறுகிறது என்று கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத மாற்றம். ஆனால் அது அரை விழுக்காடு. மூன்று மீட்டர் உருட்டினால் 15 மில்லிமீட்டர் பிழை. இதன் பக்கத்தில் சாதாரண ஸ்டீல் டேப்பை வைத்துப் பாருங்கள். ஐரோப்பியத் தர முறைப்படி இரண்டாம் வகுப்பு டேப்பில் மூன்று மீட்டருக்கு அனுமதிக்கப்படும் பிழை 0.9 மில்லிமீட்டர். டேப்பின் முனையருகே ரோமன் எழுத்தில் ‘II’ என்று பொறித்திருப்பது இதைத்தான். அதை யாரும் படிப்பதில்லை என்றாலும், பொறித்திருக்கிறது. டிஜிட்டல் சக்கரம் சொல்லும் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் இப்படியொரு உறுதிமொழி எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும்.

சாலை வேலைகளில் குச்சிபோலப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போகும் ரோடோமீட்டருக்கு இந்தத் தொல்லை குறைவு. சுற்றளவு ஒரு மீட்டர் வர வேண்டுமென்றால் விட்டம் 318 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதில் முழுதாக ஒரு மில்லிமீட்டர் தேய்ந்தாலும் கிலோமீட்டருக்கு மூன்று மீட்டர்தான் பிசகும். சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சக்கரத்தைச் சுருக்கியபோது கொடுத்த விலை இது. பொருள் சிறிதாகச் சிறிதாக, அதே தேய்மானம் பெரிய குற்றமாகிறது. பள்ளமும் மேடும் அப்படித்தான். பெரிய சக்கரம் செங்கல் இடைவெளியை உணராமலே தாண்டிவிடும். 20 மில்லிமீட்டர் சக்கரம் 10 மில்லிமீட்டர் இடைவெளியில் இறங்கி ஏறும்போது அதை ஏறத்தாழ பத்தரையாக எண்ணும். பூசாத சுவரில் வரிசையாக அத்தனை இணைப்புகள் இருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் இந்தக் கருவியை ஒதுக்கிவிட முடியாது. அதற்குக் காரணம் வளைவு.

ஸ்டீல் டேப்புக்கும் லேசருக்கும் நேர்கோடு மட்டும்தான் பிடிக்கும். 1993இல் லைக்கா நிறுவனம் கையடக்க லேசர் அளவி டிஸ்டோவை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, சுவருக்குச் சுவர் அளப்பதில் வேறெதுவும் அதன் பக்கத்தில் நிற்க முடியவில்லை. ஆனால் லேசரிடம் ஜாக்கெட்டின் கை வளைவு எவ்வளவு என்று கேட்க முடியாது. தையல்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். இஞ்ச் டேப்பைப் படுக்கப் போடாமல், விளிம்பில் நிறுத்தி, வளைவோடு விரலால் நகர்த்திக்கொண்டே போவார்கள். நல்ல வழி. ஆனால் விரல் பழக வேண்டும், இரண்டு கையும் வேண்டும். உடலில் வெட்டிய கை வளைவும் கையின் தலைப்பு வளைவும் சரியாகப் பொருந்தாவிட்டால் தோள் சுருங்கும். பேப்பர் பேட்டர்ன் மேல் உருளும் சக்கரம் இந்த இடத்தில் அருமையாக வேலை செய்கிறது. காகிதம் வழுக்காது, தூரம் குறைவு, வளைவு மென்மையானது. அரை மீட்டர் வளைவில் அரை விழுக்காடு பிழை வந்தாலும் இரண்டரை மில்லிமீட்டர். அதைத் தையலில் சரிக்கட்டிவிடலாம். அதிலும், இரண்டு வளைவையும் ஒரே சக்கரத்தால் ஒரே கையழுத்தத்தில் அளந்து ஒப்பிடும்போது சக்கரத்தின் பிழை இரண்டு பக்கமும் சமமாக விழுகிறது. ஒப்பீடு சரியாகவே இருக்கும். இந்த நுட்பத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை, சொல்லியிருந்தால் இன்னும் நிறைய விற்றிருக்கும்.

பேப்பரிலிருந்து துணிக்குப் போனால் கதை மாறிவிடும். மெல்லிய துணி சக்கரத்தோடு சேர்ந்து நகரும், முன்னே சுருண்டு மடியும். ஆனால் ஆசாரியின் பட்டறையில் சக்கரத்துக்கு நல்ல இடமுண்டு. வளைந்த மேசை விளிம்புக்கு எட்ஜ் பேண்ட் எவ்வளவு வாங்க வேண்டும் என்று பார்க்க, உருட்டிவிட்டுக் கொஞ்சம் கூட்டி வாங்கினால் போதும். அறுக்கும் அளவுக்கு அதை நம்பக் கூடாது. வட்டத் தூணின் சுற்று, பைப்பின் வளைவு, படிக்கட்டின் திருப்பம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்.

அறையின் மூலையில் சக்கரம் தடுமாறுகிறது. சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அச்சுக்கு நேர் கீழே இருக்கிறது. சக்கரத்தின் முன்பக்கம் சுவரில் முட்டும்போது அந்தப் புள்ளி சுவரிலிருந்து இன்னும் ஓர் ஆரம் தள்ளித்தான் நிற்கும். கருவியின் உடல் இன்னும் நீண்டிருந்தால் இன்னும் தள்ளி. இதைக் கூட்டிக்கொள்ளும் வசதி சில கருவிகளில் உண்டு, அதைச் செய்ய நினைவு வேண்டும். ஸ்டீல் டேப்பின் முனைக் கொக்கியைப் பாருங்கள், கொஞ்சம் லொடலொடவென்று ஆடும். புதிதாக வாங்குபவர்கள் பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடுகிறது. வெளிவிளிம்பில் மாட்டி இழுத்தாலும் சரி, உட்சுவரில் முட்டி அழுத்தினாலும் சரி, பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஒரு தகடு, இரண்டு ஆணி. பேட்டரி கிடையாது.

சக்கரத்தின் பிழைகளுக்குத் திசையும் உண்டு. வழுக்கினால் அளவு குறையும், ஏனென்றால் நகர்ந்தது எண்ணப்படவில்லை. நேர்கோட்டைவிட்டு விலகினால் அளவு எப்போதும் கூடும், ஒருநாளும் குறையாது. ஐந்து டிகிரி சாய்ந்து போனால் மீட்டருக்கு ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் கூடும். வழுக்கலும் விலகலும் ஒரே அளவில் நேர்ந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு விடை கச்சிதமாக வந்து நிற்கும். அப்படி ஒருமுறை வந்துவிட்டால் கருவியின் மேல் அளவுகடந்த நம்பிக்கை பிறந்துவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்குள்ள தகரத்தில் மறுநாள் உருட்டும்போது அந்த நம்பிக்கைதான் கையைச் சுடும்.

சக்கரத்தை வைத்தே மிகச் சரியாக அளக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. மாரத்தான் பாதையை அளப்பவர்கள். 42.195 கிலோமீட்டரை அளக்க அவர்கள் பயன்படுத்துவது சைக்கிள். முன்சக்கரத்தின் அச்சருகே சிறு எண்ணிப்பெட்டி ஒன்றைப் பொருத்திக்கொள்கிறார்கள். அமெரிக்கரான ஆலன் ஜோன்ஸ் 1970களின் தொடக்கத்தில் உருவாக்கியதால் அதற்கு ஜோன்ஸ் கவுன்டர் என்று பெயர். முதலில் வந்த வடிவில் ஒரு சுற்றுக்கு 20 எண்கள், அதாவது ஏறத்தாழப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்று. நம் பாக்கெட் கருவியின் துடிப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு முரட்டுத்தனமானது. ஆனாலும் உலக சாதனைகளின் தூரத்துக்கு இந்தச் சைக்கிள் முறையைத்தான் ஏற்கிறார்கள், ஜிபிஎஸ்ஸை ஏற்பதில்லை.

அவர்களுடைய ரகசியம் முழுக்க நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனில் ஜான் ஜுவெல் 1961இல் இந்த முறையை எழுதி வைத்தார். அமெரிக்க ஓட்டவீரர் டெட் கார்பிட் 1964இல் அதை விரித்து எழுதினார். முதலில் குறைந்தது 300 மீட்டர் நேர்ச்சாலையை ஸ்டீல் டேப்பால் அளந்து அடிக்கோடு போட வேண்டும். அதில் சைக்கிளை நான்கு முறை ஓட்டி, கிலோமீட்டருக்கு எத்தனை எண் வருகிறது என்று பார்க்க வேண்டும். பாதையை அளந்து முடித்ததும் திரும்பி வந்து மறுபடியும் நான்கு முறை ஓட்ட வேண்டும். காரணம் டயர். விடியற்காலைக் குளிரில் இருந்த காற்றழுத்தம் வெயில் ஏறியதும் கூடுகிறது, சக்கரம் பருக்கிறது, எண்ணிக்கை குறைகிறது. சுற்றளவு மாறும் என்பதை அவர்கள் மறைக்கவில்லை, அந்த மாற்றத்தையே அளந்துவிடுகிறார்கள். சாலையில் ஓட்டக்காரர் ஓடக்கூடிய ஆகக் குறுகிய வழியில்தான் சைக்கிள் போக வேண்டும், திருப்பங்களில் நடைமேடைக் கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. கடைசியில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற கணக்கில், மாரத்தானுக்கு 42 மீட்டர், வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். பாதை கொஞ்சம் நீண்டுவிட்டால் போகட்டும், குறையவே கூடாது என்பதற்காக.

இந்தக் கவனம் ஏன் என்பதற்கு 1981 நியூயார்க் மாரத்தான் சான்று. அதில் ஆல்பர்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடி உலகிலேயே சிறந்த நேரம் என்று கொண்டாடப்பட்டார். பிற்பாடு பாதையை அளந்து பார்த்தபோது ஏறத்தாழ 150 மீட்டர் குறைவாக இருந்தது. விழுக்காட்டில் சொன்னால் 0.4-கூட இல்லை. நம் பாக்கெட் சக்கரத்தில் நாம் ஏற்றுக்கொள்ளத் துணியும் அரை விழுக்காட்டைவிடச் சிறிய பிழை ஒரு சாதனையை அழித்துவிட்டது.

இதை வைத்துப் பார்த்தால் மின்னணுக் கருவிகளின் உண்மையான குறை சென்சாரிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை; சோதித்த விதத்தைச் சொல்லாததிலும் திருத்த வழி தராததிலும்தான் இருக்கிறது. எந்தப் பரப்பில், எந்த அழுத்தத்தில் சோதித்தார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்க வேண்டும். தெரிந்த நீளம் ஒன்றை உருட்டிக் காட்டி, ‘இது இரண்டு மீட்டர், திருத்திக்கொள்’ என்று சொல்லும் வசதி எல்லாவற்றிலும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்தப் பொத்தானுக்கு இடமில்லாத கருவியில் புளூடூத்துக்கு இடம் எதற்கு?

தூரத்தைக் குறிப்பது என்று வரும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஸ்க்ரூ எத்தனை சென்டிமீட்டருக்கு ஒன்று, நாற்று எவ்வளவு இடைவெளியில் என்று சம தூரங்களில் புள்ளி வைப்பதற்கு உருளும் கருவி மிகவும் ஏற்றது. ஆனால் இரண்டு விதமாகச் செய்யலாம். ஒவ்வொரு புள்ளியிலும் பூஜ்யமாக்கிவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டருக்கு உருட்டலாம். அல்லது முதல் புள்ளியிலிருந்து நிறுத்தாமல் 30, 60, 90 என்று கூட்டிக்கொண்டே போகலாம். முதல் முறையில் பென்சில் முனையின் தடுமாற்றம் ஒவ்வொரு புள்ளியிலும் புதிதாகச் சேர்ந்துகொண்டே வரும். இருபதாவது புள்ளி எங்கே நிற்கும் என்பது அதிர்ஷ்டம். இரண்டாம் முறையில் ஒவ்வொரு புள்ளிக்கும் அதனதன் தடுமாற்றம் மட்டுமே, சக்கரப் பிழை மட்டும் சீராக வளரும். அதைக் கடைசியில் ஒரே ஒரு முறை டேப் பிடித்துப் பார்த்து விகிதப்படி பிரித்துவிடலாம். இவ்வளவு எளிய வேறுபாட்டைக் கையேடுகள் ஏன் பேசுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

குறித்த தூரம் வந்ததும் ஒலி எழுப்பி நிறுத்தச் சொல்வது நல்ல ஏற்பாடாகத் தோன்றும். ஆனால் நொடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் கை நகர்ந்தால், காதில் ஒலி விழுந்து கை நிற்பதற்குள், நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதத்திலேயே நான்கு சென்டிமீட்டர் தாண்டிவிடும். பிறகு பின்னுக்கு உருட்டித் தேட வேண்டும். திரும்பும்போது ரப்பரின் நெளிவு இன்னொரு சிறு பிழையைச் சேர்க்கும். மெல்ல நெருங்குவதைத் தவிர வேறு வழியில்லை. மெல்லவே போவதென்றால் டேப்பைவிட எங்கே வேகம் மிச்சம்?

வேகத்தைவிடச் சக்கரத்தின் பெரிய வசதி வேறு: ஓர் ஆளே அளந்துவிடலாம். நம் ஊர்க் கட்டட வேலையில் டேப் என்றால் இரண்டு பேர். சித்தாள் ஒருவர் பூஜ்ய முனையைப் பிடிப்பார், மேஸ்திரி மறுமுனையில் படிப்பார். அந்த இன்னொரு ஆள் இல்லாமல் போவது கூலி மிச்சம் என்று கணக்கெழுதுவார்கள். வீட்டுக்குள் தனியாக வேலை செய்யும் எலெக்ட்ரீஷியனுக்கு அது மெய்யாகவே பெரிய உதவி. ஆனால் ரன்னிங் ஃபீட் கணக்கில் கூலி போடும் வேலைகளில், ஸ்கர்ட்டிங்கிலோ கேபிள் பள்ளத்திலோ, பூஜ்ய முனையைப் பிடிப்பவர் வெறும் பிடிப்பவர் அல்ல. முனை சரியாக எங்கே வைக்கப்பட்டது என்பதற்கு அவர்தான் சாட்சி. நீண்ட பள்ளத்தை ஒருவர் மட்டும் சக்கரம் உருட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்து ஓர் எண்ணைச் சொன்னால், அவர் கோட்டின் மேலேயே போனாரா, நடுவில் சக்கரத்தைத் தூக்கினாரா என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அளவுப் பதிவேடான எம்-புக்கில் ஏறுவது எண் மட்டுமே. கிலோமீட்டருக்கு அரை விழுக்காடு என்றால் ஐந்து மீட்டர் பள்ளம், ஒருவருடைய வெயில் நேரத்து உழைப்பு. துணிக்கடையின் இரும்பு மீட்டர்க் கோலில் அரசு முத்திரை இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் வணிகத்தில் புழங்கும் அளவைகளைச் சரிபார்த்து முத்திரையிடச் சொல்வதும், கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே நீளத்தைப் பேச வேண்டும் என்பதற்குத்தான். கூலிக்கணக்கை முடிக்கும் அளவை டேப்பால், இரண்டு தரப்பும் நின்று எடுப்பதே நியாயம். சக்கரத்தை எஸ்டிமேட் போடும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். வரப்புத் தகராறில் இந்தக் கேள்வியே எழாது. அங்கே யாராவது சக்கரத்தை உருட்டட்டும், பார்க்கலாம்.

வாங்குபவர் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றிரண்டுதான். வளைவு அளக்கும் வேலை உண்டா? தையல், லெதர், எட்ஜ் பேண்ட், வரைபடம் இவற்றில் ஏதேனும் அன்றாடம் கையில் இருந்தால் வாங்கலாம், காசு வீண் போகாது. வாங்கியதும் மேசை மேல் ஸ்டீல் டேப்பை ஒட்டி இரண்டு மீட்டர் குறித்து, ஒரே அழுத்தத்தில் நான்கு முறை உருட்டிப் பார்க்க வேண்டும். நான்கு விடையும் தமக்குள் ஒத்துப்போய், டேப்போடு மட்டும் ஒத்துப்போகாவிட்டால் கவலையில்லை, அது சக்கரத்தின் நிலையான பிழை, பெருக்கிச் சரிசெய்துவிடலாம். நான்கும் நான்கு விதமாக வந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பிள்ளைகளின் புவியியல் பாடத்துக்கு ஆற்றின் நீளம் பார்க்கக் கொடுத்துவிடலாம். நேர்ச்சுவரும் நேர்க்கட்டையும் மட்டுமே அளப்பவருக்கு, ‘II’ பொறித்த ஐந்து மீட்டர் டேப்பும் வேண்டுமானால் ஒரு லேசரும் போதும்.